மின்னாற்பகுப்புத் துருநீக்கத் தொட்டிக்கு வாங்கிய பொருள்கள்: பயன்படுத்திய பின் என் மதிப்பீடு

முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடைப்பட்ட கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இரும்பு எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருசேரக் கிடைக்கும் கன்னியாகுமரி மாவட்டம் இது. மழை ஓய்ந்த நாள்களில் உப்புக் காற்று அந்த வேலையைத் தொடர்கிறது. என் தந்தை பனையேறிய காலத்தில் பயன்படுத்திய பாளை அரிவாள், ஒரு வெட்டுக்கத்தி, ஒரு கடப்பாரை, ஆறு அங்குல வைஸ் (பொருளை இறுகப் பிடிக்கும் பட்டறைக் கருவி) ஒன்று ஆகியவை பல ஆண்டுகளாகத் தொழுவத்தில் கிடந்து, தொட்டால் செதில் செதிலாக உதிரும் நிலைக்கு வந்துவிட்டன. அவற்றை மீட்பதற்காக வீட்டிலேயே ஒரு மின்னாற்பகுப்புத் தொட்டி அமைத்தேன். அதற்கு நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் கடைகளில் அலைந்து வாங்கிய பொருள்களில் எவை தகுந்தவை, எவை வீண், எவை ஆபத்தானவை என்பதை, இதே முயற்சியில் இறங்க நினைப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முறை எளிது. சலவைச் சோடா கரைத்த நீரில் துருப்பிடித்த பொருளைத் தொங்கவிட்டு, அதை நேர்மின்னோட்டத்தின் எதிர்முனையில் இணைக்க வேண்டும். அதைச் சுற்றி நிறுத்திய வேறு இரும்புத் துண்டுகளை நேர்முனையில் இணைக்க வேண்டும். மின்னோட்டம் பாயும்போது துருவின் ஒரு பகுதி கருநிற இரும்பு ஆக்சைடாக மாறித் தளர்கிறது. பொருளின் மேல் உண்டாகும் ஹைட்ரஜன் குமிழிகள் மற்றப் பகுதியை நெம்பி உதிர்க்கின்றன. எதிர்முனையில் இருக்கும் வரை நல்ல இரும்பு கரைவதில்லை. அமிலத்தில் ஊறவைத்தால் துருவோடு இரும்பும் சேர்ந்து அரிபடும். கொல்லர் அடித்துக் கொடுத்த பழைய அரிவாளில் இழப்பதற்கு அதிக இரும்பு இல்லை என்பதால் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தேன்.

வாங்க வேண்டியவற்றில் மிகுந்த கவனம் கோருவது நேர்முனையில் வைக்கும் உலோகம்தான். நாகர்கோவிலில் நான் ஏறி இறங்கிய இரும்புக் கடைகளில் பெரும்பாலானவற்றில், நல்லெண்ணத்தோடுதான், ஒரே ஆலோசனையைச் சொன்னார்கள். "அண்ணாச்சி, எஸ்.எஸ். தகடு கொண்டு போங்க, ஆயுசுக்கும் துரு ஏறாது" என்று ஒரு கடைக்காரர் தகட்டை வெட்டவே ஆயத்தமாகிவிட்டார். நம் கடலோரத்தில் ஜன்னல் கம்பி முதல் மொட்டைமாடிக் கைப்பிடி வரை எல்லாவற்றுக்கும் துருப்பிடிக்காத எஃகைப் பரிந்துரைத்துப் பழகியவர்கள், இங்கும் அதையே சொல்வது இயல்புதான். ஆனால் இந்தத் தொட்டிக்குள் வைக்கவே கூடாத உலோகம் அது. சமையல் பாத்திரங்களுக்குப் பரவலாகப் பயன்படும் 304 வகை எஃகில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம் உண்டு. நேர்முனையில் வைத்துச் சோடா நீரில் மின்சாரம் செலுத்தினால் அந்தக் குரோமியம் கரைந்து, குரோமேட் எனப்படும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியச் சேர்மமாக நீரில் கலக்கும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையில் பட்டியலிட்டுள்ளது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மண்ணையும் நிலத்தடி நீரையும் என்ன செய்தது என்பதைச் செய்தித்தாள்களில் படித்தவர்கள், அதே நஞ்சைச் சிறிய அளவிலேனும் தம் வீட்டுக் கிணற்றருகே உண்டாக்க மாட்டார்கள்.

இதை ஏட்டுப் படிப்பாக மட்டும் சொல்லவில்லை. எனக்கு முன்பே என் மைத்துனர் தம் வீட்டில் இத்தகைய தொட்டி ஒன்றை அமைத்திருந்தார். பழைய எவர்சில்வர் தட்டுகள் இரண்டை நேர்முனையில் மாட்டியிருந்தார். முதல் நாள் மாலை நான் சென்று பார்த்தபோது நீர் துரு நிறத்தில் இல்லை. எலுமிச்சைச் சாற்றை விடத் தெளிவான, கண்ணாடி போன்ற மஞ்சள் நிறத்தில் இருந்தது. துரு கலங்கினால் நீர் செம்பழுப்பாகக் குழம்பும்; அடியில் வண்டல் படியும். கலங்காத மஞ்சள் நிறம் குரோமேட்டின் அடையாளம். அன்றே மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, கையுறையோடு அந்த நீரை ஒரு மூடிய கேனுக்கு மாற்றினோம்.

ஆகவே நேர்முனைக்குச் சாதாரண மென் இரும்பே போதும். கட்டடம் கட்டும் இடங்களில் மிச்சமாகும் 8 அல்லது 10 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பித் துண்டுகளை எடைக்கு வாங்கினேன். ஒரு வாளித் தொட்டிக்கு ஆறு துண்டுகள் தாராளம். இங்கேயும் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கடலோர வீடுகளுக்கென்று விற்கப்படும் கம்பிகளில் சில, பச்சை நிற எப்பாக்ஸி பூச்சோடு வருகின்றன. பூச்சைச் சுரண்டாமல் மாட்டினால் மின்சாரமே பாயாது. வேறு சில, அரிப்பைத் தாங்குவதற்காகச் செம்பும் குரோமியமும் சிறிதளவு சேர்த்து உருக்கப்பட்டவை. அளவு குறைவுதான் என்றாலும், சாதாரணக் கம்பி எளிதாகக் கிடைக்கும்போது அவற்றை நாடக் காரணமே இல்லை. கடையில் "எந்த ரகம்" என்று கேட்டு வாங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயையும் தவிர்க்க வேண்டும். பூச்சு கரைந்து நீரில் கலந்துவிடும். செம்புத் தகடு வைத்தால் செம்பு கரைந்து நீங்கள் மீட்க நினைக்கும் இரும்பின்மேலேயே படியும்.

மென் இரும்புக் கம்பியின் குறை, அது தன்னைத் தியாகம் செய்கிறது என்பதுதான். ஓரிரு மணி நேரத்தில் அதன்மேல் ஆரஞ்சு நிறச் சேறு தடிமனாகப் படிந்து மின்னோட்டம் குறைந்துவிடும். மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை வெளியே எடுத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து மீண்டும் மாட்ட வேண்டும். இந்த வேலை அலுப்பூட்டியதால் கரித்தண்டையும் முயன்றேன். வெல்டிங் பொருள்கள் விற்கும் கடையில் கௌஜிங் ராடு என்று கேட்டால் கிடைக்கும் தண்டுகள் உள்ளே கரியாகவும் மேலே மெல்லிய செம்புப் பூச்சாகவும் இருக்கும். அந்தச் செம்பை உரித்தெடுத்த பிறகே தொட்டியில் இறக்க வேண்டும். சேறு படிவதில்லை, மின்னோட்டம் நாள் முழுவதும் ஒரே சீராக இருக்கிறது என்பது இதன் பெரிய நன்மை. கரி மெல்ல மெல்ல உதிர்ந்து நீரைக் கறுப்பாக்கும். தண்டும் மெலிந்துகொண்டே வரும். விலையும் கம்பியை விடப் பல மடங்கு. வைஸ் போன்ற பெரிய பொருளை இரவு பகலாக ஊறவைக்க வேண்டியவர்களுக்குக் கரித்தண்டை மனமாரப் பரிந்துரைப்பேன். ஓர் அரிவாளும் ஒரு கத்தியும் மட்டுமே வைத்திருப்பவர்களுக்குக் கம்பியே போதும்.

அடுத்தது சோடா. இதில் பெயர்க் குழப்பமே பாதித் தொல்லை. கோட்டாறு கடைவீதியில் ஒரு கடையில் "சோடா" என்று கேட்டு நான் வாங்கிவந்த பொட்டலம் ஆப்பச் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். நமக்கு வேண்டியது சோடியம் கார்பனேட். சலவைச் சோடா என்றும், மூட்டைக் கணக்கில் விற்கும் கடைகளில் சோடா ஆஷ் என்றும் வழங்குவது. ஆப்பச் சோடாவிலும் மின்சாரம் பாயும், ஆனால் மந்தமாகப் பாயும். வாங்கியது வீணாகாமலிருக்க, அதை அகன்ற இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பில் வறுத்தேன். சூடேறியதும் மாவு தானாகக் கொதிப்பது போல ஆங்காங்கே குமிழ்விட்டுப் புரண்டது. நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறும் அடையாளம் அது. புரளல் அடங்கிய பிறகு எடை போட்டால் 100 கிராம் ஏறத்தாழ 63 கிராமாகக் குறைந்திருக்கும். மிஞ்சியிருப்பது சலவைச் சோடா.

சலவைச் சோடாவிலும் இரண்டு வடிவங்கள் உண்டு. கல்கண்டு போலப் பளபளக்கும் படிகத்தில் எடையின் 63 சதவீதம் நீர்தான். வெள்ளைத் தூளாக வரும் சோடா ஆஷில் நீர் கிடையாது. விலையை ஒப்பிடும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும். கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகத் தோன்றும் தூள்தான் உண்மையில் மலிவு. ஒரு லிட்டர் நீருக்கு 5 முதல் 10 கிராம் தூள் போதும். அதிகம் போட்டால் வேகம் கூடும் என்று எண்ணி அள்ளிக் கொட்ட வேண்டாம்; மின்னோட்டம் கட்டுமீறி உயர்ந்து மின்கருவியைத்தான் கெடுக்கும். சோடா தீர்ந்துபோவதும் இல்லை. நீர் மட்டம் இறங்கினால் வெறும் நீரை ஊற்றி நிரப்பினால் போதும். காஸ்டிக் சோடாவும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையைப் பறிக்கக்கூடிய பொருளைப் பிள்ளைகள் ஓடி விளையாடும் முற்றத்தில் வைக்க நான் விரும்பவில்லை.

நீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடற்கரையில் இருப்பதால், உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துமே, சோடாவுக்குப் பதிலாகக் கடல் நீரையே மொண்டு ஊற்றினால் என்ன என்று என்னிடம் இருவர் கேட்டார்கள். கூடவே கூடாது. சமையல் உப்பு கலந்த நீரில் நேர்முனையில் குளோரின் வாயு வெளிவரும். நுரையீரலைப் புண்ணாக்கும் நச்சு வாயு அது. இதே காரணத்தால் உப்புச் சுவை கொண்ட ஆழ்துளைக் கிணற்று நீரையும் நான் தவிர்க்கிறேன். கூரையிலிருந்து பிடித்த மழைநீர் இதற்கு மிகப் பொருத்தம். படகின் பாகங்கள், நங்கூரம் போன்று கடலில் கிடந்த இரும்பாக இருந்தால், தொட்டியில் இறக்குவதற்கு முன் நல்ல நீரில் சில நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது.

மின்கருவியில்தான் என் பணம் வீணானது. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம், "இந்த வேலைக்குப் பயன்படும்" என்ற அவரது எழுத்துவழி உறுதிமொழியை நம்பி, தானியங்கி பேட்டரி சார்ஜர் ஒன்றை வாங்கினேன். அது முனையில் பேட்டரியின் மின்னழுத்தத்தை உணர்ந்தால் மட்டுமே மின்சாரம் தரும் வகை. தொட்டியில் இணைத்தபோது சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது, ஒரு குமிழி கூட எழவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்கள். அதன் பிறகு தக்கலையில் வாகன மின்வேலை செய்யும் ஒரு பட்டறையிலிருந்து, முள் மீட்டரோடு கூடிய பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை விலைக்குக் கேட்டு வாங்கினேன். 12 வோல்ட், 10 ஆம்பியர். கையில் தூக்கினால் கனக்கும், ஓடும்போது மெல்ல இரையும். ஆனால் இணைத்த நொடியில் வேலையைத் தொடங்கும், எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்பதை முள் காட்டிக்கொண்டே இருக்கும். நான் வாங்கிய அத்தனை பொருள்களிலும் முழு மனதோடு பாராட்டத்தக்கது இதுவே.

அது கிடைக்காதவர்கள், எல்.இ.டி. பெயர்ப்பலகைகளுக்குப் பயன்படுத்தும் 12 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை, அதாவது வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தரும் பெட்டியை வாங்கலாம், விலையும் குறைவு. மின்னோட்டம் அளவு மீறினால் அது தானே அணைந்துவிடும் என்பதால், சோடாவைக் குறைவாகவே போட்டு, கம்பிகளைப் பொருளிலிருந்து தள்ளி நிறுத்தித் தொடங்க வேண்டும். அதன் திருகுமுனைகளில் 230 வோல்ட் மின்சாரம் திறந்தபடியே இருக்கும் என்பதால் மூடிய பெட்டிக்குள் வைத்து, தொட்டிக்கு எட்டாத உயரத்தில் பொருத்துவது கட்டாயம். வீட்டு மின்சாரத்தை டையோடு வழியாக நேரடியாகத் தொட்டிக்குக் கொண்டுவரும் யோசனையை யாராவது சொன்னால் அதைக் காதில் வாங்காதீர்கள். அது உயிரைப் பறிக்கும்.

தொட்டிக்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. 20 லிட்டர் பெயிண்ட் வாளி அரிவாளுக்கும் கத்திக்கும் போதுமானதாக இருந்தது. வைஸுக்காக, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் உறவினரிடமிருந்து, ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் வந்த காலிக் கேனை வாங்கி, மேற்பகுதியை அறுத்தெடுத்தேன். அறுப்பதற்கு முன்பே பலமுறை கழுவி, கடைசியாகச் சோடா நீர் ஊற்றிப் பொங்குகிறதா என்று பார்த்தேன். பொங்கினால் அமிலம் இன்னும் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அதே தோட்டத்தில் பால் ஊற்றும் அலுமினியத் தட்டுகளும் ஏராளமாகக் கிடந்தன; அளவில் கச்சிதமாக இருந்தாலும் அவற்றை எடுக்கவில்லை. சோடா நீர் அலுமினியத்தை அரித்துவிடும். பிடியிலோ பூணிலோ அலுமினியம் உள்ள கருவிகளையும் தொட்டியில் போடக் கூடாது. ஐந்தடிக் கடப்பாரைக்கு அகலமான பி.வி.சி. குழாய் ஒன்றை வாங்கி அடியில் மூடி ஒட்டிச் சுவரோரம் நிறுத்தினேன். கம்பி கடப்பாரையைத் தொட்டுவிடாமல் இருக்க இடையில் பிளாஸ்டிக் வலையைச் சுற்ற வேண்டியிருந்தது. வேலை நடந்தது, ஆனால் குழாய் மூட்டில் கசிவு நின்றபாடில்லை. அதைச் சிறந்த ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன்.

ஒயரும் கிளிப்பும் சின்னப் பொருள்கள் என்றாலும் ஓர் எச்சரிக்கை உண்டு. நேர்முனைக் கிளிப் நீருக்கு மேலேதான் இருக்க வேண்டும். ஒருநாள் நீர் மட்டத்தைக் கவனிக்காமல் நிரப்பியதில் கிளிப்பின் செம்பு கரைந்து, வெட்டுக்கத்தியின் ஒரு பக்கம் முழுக்க இளஞ்சிவப்புப் படலம் ஏறியிருந்தது. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போதும். பொருளின்மேல் கிளிப் பிடிக்கும் இடத்தை மட்டும் முன்கூட்டியே அரத்தால் சுரண்டி வெறும் இரும்பைக் காட்டிவிட வேண்டும். துருவின்மேல் பிடித்தால் மின்சாரம் ஏறாது.

பாளை அரிவாளை 3 ஆம்பியர் அளவில், கம்பிகளை இரு புறமும் நிறுத்தி, ஒரு பகல் முழுக்க வைத்திருந்தேன். கம்பியை நோக்கிய பக்கமே விரைவாகச் சுத்தமாகும் என்பதால் சுற்றிலும் கம்பி நிறுத்துவது அவசியம். வெளியே எடுத்தபோது அது பளபளக்கவில்லை; ஈரக் கரி பூசியது போல் கறுத்திருந்தது. தேங்காய் நாரால் நீர் ஊற்றித் தேய்த்தபோது அந்தக் கறுப்பு மசியாக வழிந்து போக, அடியில் சாம்பல் நிற இரும்பும், அலகின் ஓரத்தில் சாணை பிடித்த கோடுகளும் தெரிந்தன. அந்த நிலையில் ஈரத்தோடு வைத்தால் நம் காற்றில் சில நிமிடங்களிலேயே மீண்டும் செம்மை படரும். உடனே துடைத்து, வெயிலில் சூடேற்றி, எண்ணெய் தடவிவிட வேண்டும். தென்னை, பனை ஏறுவோரின் கருவிகளுக்குத் தேங்காய் எண்ணெயும், வைஸுக்கு மெஷின் எண்ணெயும் பயன்படுத்துகிறேன். கடினப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்கு ஆளாக்கக்கூடும் என்பதால், வில்சுருள்களையும் ரம்ப அலகுகளையும் இந்தத் தொட்டியில் போடுவதில்லை. அரிவாளுக்கும் அதனால்தான் குறைந்த மின்னோட்டம்.

இடத்தைப் பற்றி ஒரு சொல். 5 ஆம்பியர் மின்னோட்டத்தில் மணிக்குச் சுமார் 2 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும் வாயு அது. மூடிய அறையில் வைக்காமல், நான்கு புறமும் காற்றோடும் பின்புறச் சாய்ப்பில் வைத்திருக்கிறேன். கிளிப்பைக் கழற்றுவதற்கு முன் சுவர் சுவிட்சை அணைப்பது கட்டாயம். இல்லையென்றால் தீப்பொறி குமிழி நுரையின் மேலேயே விழும்.

மென் இரும்புக் கம்பியோ கரித்தண்டோ வைத்த தொட்டியின் கழிவு, பெயிண்ட் படிந்த பொருள் எதையும் அதில் போடாதவரை, இரும்புச் சேறும் சோடாவும்தான். சேறு படிந்த பிறகு தெளிநீரை அடுத்த முறைக்கு எடுத்துக்கொண்டு, சேற்றை மட்டும் செடிகளுக்கும் கிணற்றுக்கும் விலகிய மூலையில் காயவிடுகிறேன். குளத்திலோ வாய்க்காலிலோ விடுவதில்லை. மைத்துனரின் மஞ்சள் நீர் இருக்கும் கேனுக்கு அந்த வழி கிடையாது. அதை இறுக மூடி, மேலே சிவப்புப் பெயிண்டில் "நஞ்சு, ஊற்றாதே" என்று எழுதி, பிள்ளைகள் கை எட்டாத பரணில் வைத்திருக்கிறோம். அபாயகரக் கழிவை முறைப்படி எடுத்துச் செல்பவர்களிடம் ஒப்படைக்கும் வரை அது அங்கேயேதான் இருக்கும். அந்த இரண்டு தட்டுகளையும் அவர் மறுபடி அடுக்களைக்குள் கொண்டுபோகவில்லை.